பல வருடம் கழித்து மறுபடியும் கில்ட் தைக்க உட்கார்ந்தால்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மூலையில் துணி போர்த்திக் கிடந்த தையல் மெஷினை இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து கில்ட் தைக்கலாம் என்று உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கில்ட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு அல்லது பழைய போர்வை, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலே ஓடும் தையல். வேலை தெரிந்ததுதான். ஆனால் உட்கார்ந்த முதல் வாரத்தில் எதையாவது ஒன்றை மாற்றி ஒன்று சரி செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதில் பாதிப் பேர் "கை போச்சு, இனி வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கை போயிருக்காது. ஊசி மழுங்கியிருக்கும், நூல் இற்றிருக்கும், அல்லது பிளவுஸ் தைத்த காலத்துப் பழக்கம் ஒன்று கில்ட்டில் வந்து இடிக்கும்.

நான் மனதில் வைத்திருப்பது கால்மிதி வைத்த கறுப்புத் தலை மெஷினை. உஷாவோ, சிங்கரோ, லூதியானாவில் செய்த வேறு பெயரோ, நேர்த்தையல் மட்டும் போடும் இந்தத் தலைகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கில்ட்டுக்கு இது போதும். புது மெஷின் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் போர்வை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஒரு வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஊசி, பிறகு மேல்நூல், பிறகு பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை), பிறகு துணியை அடியிலிருந்து நகர்த்தும் பல்லின் இடுக்கில் அடைந்த தூசி, பிறகு எண்ணெய். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகுக்குக் கடைசியில்தான் போக வேண்டும். எல்லோரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். திருகிய பிறகு இரண்டு கோளாறு ஆகிவிடுகிறது.

சக்கரம் அசைய மறுக்கிறது

எண்ணெய் பிசினாகிவிட்டது. அதிலும் யாராவது அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் அது காய்ந்து கோந்து மாதிரி இறுகியிருக்கும். கைச்சக்கரத்தை முழுப் பலத்தோடு திருகாதீர்கள். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். ஓடத் தொடங்கியதும் கறுப்பாகக் கசிவதைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கத்தான், அதையே எண்ணெயாக விட்டுவைத்தால் உலோகம் உலோகத்தோடு உரசும்.

எண்ணெய்க் கோளாறு இல்லாமலும் சக்கரம் சிக்கும். பாபின் உட்காரும் கேஸைக் கழற்றி, அதற்குப் பின்னால் ஆடி மேல்நூலைப் பிடிக்கும் ஷட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கக் கொண்டிகளையும் விரியுங்கள் (சில பழைய தலைகளில் கொண்டிக்குப் பதில் திருகு இருக்கும்). வளையமும் ஷட்டிலும் கையோடு வரும். அந்தப் பள்ளத்தில் எப்போதோ சிக்கிய ஓர் அங்குல நூல் சுருண்டு கிடக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எடுத்த வரிசையில் திரும்பப் போடுங்கள். எடுக்கும் முன் ஒரு படம் பிடித்துக்கொண்டால் பிறகு தலையைச் சொறிய வேண்டாம்.

எண்ணெய் போட்ட அன்றே நல்ல துணியில் கை வைக்கக் கூடாது. கழிவுத் துணியில் நாலு முழம் ஓட்டி, கறை விழவில்லை என்று தெரிந்த பிறகே.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் நிற்கிறது

கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகு தளர்ந்திருக்கிறது. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஆடாமல் இருக்க அதைத் தளர்த்துவோம், இறுக்க மறந்துவிடுவோம். அவ்வளவுதான். பெல்ட் தொளதொளத்துப் போய்ச் சக்கரமே சுற்றாவிட்டால், தோல் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டி மறுபடி மாட்டலாம். அதற்கு மேல் ஒரேயடியாக வெட்டினால் மிதி கனத்துவிடும்.

மிதித்ததும் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துவிடுகிறது

கால்மிதிக்குத் திரும்பி வருகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். மெஷினில் குறையே இல்லை. கைச்சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஷட்டிலில் நூல் சிக்கி அறுந்துவிடும். ஊசியில் நூல் கோர்க்காமல், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை (பிரஷர் ஃபுட்) தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு பாட்டுக் கேட்கும் நேரம் சும்மா மிதியுங்கள். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் ஒரு தட்டுத் தட்டி, அது நகரத் தொடங்கியதும் காலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காலை முன்னாலும் மற்றதைச் சற்றுப் பின்னாலும் வைத்தால் ஆட்டம் சீராக வரும். நிறுத்தும்போதும் சக்கரத்தின் மேல் கையை வைத்தே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நின்ற இடத்திலிருந்து ஒரு சுற்றுப் பின்னால் போகும், அதிலேயே நூல் போய்விடும்.

மோட்டார் பொருத்திக்கொள்ளலாமா என்றால், பொருத்தலாம். ஆனால் துண்டுகளை இணைக்கும் வேலை நாலு அங்குலம் ஐந்து அங்குலமாகத்தான் ஓடும். அதற்கு வேகம் எதற்கு என்பது என் கட்சி.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாக நிற்கிறது

இது தான் அதிகம் பேரை ஏமாற்றும் கோளாறு. அடியில் சிக்குவதால் பாபின் மேல் பழி விழும். உண்மையில் மேல்நூல்தான் பிடிப்பில்லாமல் இறங்கி அடியில் குவிகிறது.

பாதம் மேலே தூக்கியிருக்கும்போது, மேல்நூலை நடுவே பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகியிருக்கும். அந்த நேரத்தில் நூலைக் கோர்த்தால் அது தட்டுகளுக்கு நடுவே நன்றாக இறங்கும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோர்த்தால் நூல் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும். சரிபார்க்க ஒரு வழி: பாதம் மேலே இருக்கும்போது மேல்நூலை இழுங்கள், தாராளமாக வரும். பாதத்தை இறக்கிவிட்டு இழுங்கள், விரலில் தடை தெரிய வேண்டும், ஊசியே லேசாக வளைய வேண்டும். தடை தெரியாவிட்டால் நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோர்க்கவும். ஊசியோடு மேலும் கீழும் ஆடும் நூல் தூக்கியின் ஓட்டையை விட்டுவிட்டாலும் இதே கொத்துதான்.

இன்னொன்று, பாதத்தை இறக்கவே மறந்து தைப்பது. கனத்த மூன்றடுக்கைப் பாதத்துக்கு அடியில் திணித்ததும் அது இறங்கின மாதிரியே இருக்கும். பின்னால் இருக்கும் நெம்பைத் தொட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் மட்டும் கொத்து விழுந்தால், இரண்டு நூல் முனைகளையும் ஒரு விரல் நீளம் விட்டு, பின்பக்கம் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையலைப் போடுங்கள். அல்லது எப்போதும் ஒரு கழிவுத் துண்டில் தொடங்கி, நூலை வெட்டாமல் அப்படியே நல்ல துண்டுக்குப் போய்விடுங்கள்.

மேல்நூல் சரியாக இருந்தும் கொத்து நின்றால்தான் பாபின் பக்கம் போக வேண்டும். பாபினிலிருந்து வரும் நூல், கேஸின் பிளவுக்குள் நுழையும்போது திரும்பி வளைந்து போக வேண்டும். நேராக வழுக்கிக்கொண்டு போனால் பாபினைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். பிறகு கேஸை நூலில் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு, கையை வெட்டி உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். உதறும்போது இரண்டு விரற்கடை இறங்கி நின்றால் அதைத் தொடாதீர்கள். இனி மேல் டென்ஷனைத் திருப்பலாம். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு ஒரு கழிவுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். அடியில் சிவப்புத் தெரிந்தால் மேல்நூல் தளர்வு. அந்தச் சோதனையை நீங்கள் தைக்கப் போகும் அதே அடுக்கில் செய்ய வேண்டும். இரண்டு பாப்ளின் துண்டுக்குச் சரியான டென்ஷன், பஞ்சு வைத்த மூன்றடுக்குக்குச் சரியாக இருக்காது.

தையல் விட்டு விட்டு விழுகிறது

ஊசியை மாற்றுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்வையால் முடிவு செய்யாதீர்கள். மெஷினிலேயே வருடக்கணக்காக இருந்த ஊசி என்றால் யோசனையே வேண்டாம். புது ஊசியின் ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே, ஷட்டிலைப் பார்த்து. கறுப்புத் தலைகள் பெரும்பாலானவற்றில் நூல் இடமிருந்து வலமாகப் போகும். ஊசி மேலே முட்டும் வரை ஏறவில்லை என்றாலும் தையல் விடும்.

இரண்டு பருத்தித் துணி இணைக்க 14-ஆம் எண் ஊசி, மூன்றடுக்கு ஓட்ட 16. மெல்லிய பழைய சேலைக்கு 11. இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும்.

மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

டப்பாவில் பழைய நூல் உருளைகள் அழகாக அடுக்கியிருக்கும். மனசு வராது, ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் விரலை அறுக்கும், பிறகு சட்டென்று அறும். இற்ற நூல் மெதுவாக, சத்தமில்லாமல் விலகும். அதை மெஷினில் போடாதீர்கள், மேல்சுற்று மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது மெஷினில் ஓடினாலும் போர்வையில் மூன்றாவது துவைப்பில் பிரியும்.

நல்ல நூலும் அறுந்தால், ஊசித் தகட்டின் ஓட்டையைச் சுற்றி விரல்நுனியால் தடவுங்கள். எப்போதோ ஊசி குத்திய இடத்தில் சொரசொரப்பு இருக்கும். மிக நைசான உப்புத்தாளைச் சுருட்டி இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும்.

ஊசி உடைகிறது

துணியை நீங்கள் இழுக்கிறீர்கள். பல்தான் துணியை நகர்த்த வேண்டும், கை வழிகாட்டினால் போதும். இன்னொரு காரணம், போர்வையின் கனம் மேசைக்கு வெளியே தொங்கி ஊசியைச் சாய்ப்பது. குண்டூசியின் மேல் தைக்கிற வீரத்தையும் விட்டுவிடுங்கள். பாதம் வரும்முன் உருவுங்கள்.

ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை

கண்ணுக்கு வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள், ஓட்டை தெரியும். நூலைச் சாய்வாக வெட்டுங்கள். மேசை விளக்கை இடப்பக்கம் வையுங்கள். சாயங்காலம் மங்கின வெளிச்சத்தில் கருநீலத் துணியில் கருநீல நூலால் தைப்பதை மட்டும் வயது எதுவானாலும் செய்ய வேண்டாம்.

கட்டங்கள் எல்லாம் அளவு குறைகின்றன

இனி மெஷினை விட்டுப் பழக்கத்துக்கு வருவோம். பிளவுஸும் சட்டையும் தைத்தவர்களுக்கு உள்ளே அரை அங்குலம், ஓர் அங்குலம் விட்டே கை பழகியிருக்கும். பின்னால் பிரித்துத் தளர்த்திக்கொள்ள அது வேண்டும். கில்ட்டில் யாரும் எதையும் தளர்த்தப் போவதில்லை. துண்டுகளை இணைக்கும் தையலுக்கு உள்ளே விடுவது கால் அங்குலம்தான், ஆசாரிக் கணக்கில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அது எல்லா இடத்திலும் ஒரே இரண்டு நூலாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கணக்கைப் பாருங்கள். மூன்றரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் ஒரு கட்டம் ஒன்பதரை அங்குலம் வர வேண்டும். ஒரு வரிசையில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். நீங்கள் தையலை அரை நூல் மட்டும் தள்ளிப் போட்டால், நான்கு அரை நூல் சேர்ந்து இரண்டு நூல். கட்டம் ஒன்பதேகால் ஆகிவிட்டது. அரை நூல் என்பது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். எட்டுக் கட்டம் கொண்ட வரிசையில் அது இரண்டு அங்குலம். பக்கத்திலேயே கட்டமே இல்லாத ஒரே துணிப் பட்டையை வைத்து இணைக்கும்போதுதான் "எங்கே போச்சு இரண்டு அங்குலம்" என்று தேடுவோம்.

பாதத்தின் விளிம்பை நம்பாதீர்கள். ஊசியிலிருந்து பாதத்தின் வலது விளிம்பு வரை எல்லா மெஷினிலும் கால் அங்குலம் இருப்பதில்லை. இன்ச் டேப்பின் ஒரு முழு அங்குலக் கோட்டில் ஊசி சரியாக இறங்கும்படி கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். அங்கிருந்து கால் அங்குலம் வலப்பக்கம், ஊசித் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் ஒரு சின்னக் கரை எழும்பும், துணி அதை உரசிக்கொண்டு ஓடும். பல்லின் மேல் ஒட்டிவிடக் கூடாது.

அப்புறம் சோதனை. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை இடப்பக்கம் நகர்த்துங்கள். துணி மடியும் இடமே ஒரு இழை அகலத்தைத் தின்றுவிடும், அதனால் கால் அங்குலத்துக்கு மயிரிழை உள்ளே இருப்பதே நல்லது.

இணைக்கும்போது ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் வரட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் திரும்பத் தைத்து முடிச்சுப் போட வேண்டியதில்லை. அடுத்த தையல் குறுக்கே வந்து பூட்டிவிடும். இதுவும் பிளவுஸ் பழக்கம்தான், விட்டால் வேலை பாதியாகும்.

நான்கு முனை சேரும் இடம் சேரவில்லை

தையல் மடிப்பை விரித்து இஸ்திரி போடும் பழக்கம் உடைத் தையலிலிருந்து வந்தது. இங்கே முதல் வரிசையின் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைத்து, இணைப்பின் மேல் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து லேசாக உருட்டுங்கள். இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று தள்ளி, ஒரு இடத்தில் "டக்" என்று பூட்டிக்கொள்வது விரலுக்குத் தெரியும். அங்கே ஒரு குண்டூசி. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

முனை ஒரு நூல் விலகினால் பிரிக்காதீர்கள். துவைத்த பிறகு அதைத் தேடினாலும் கிடைக்காது. இரண்டு நூலுக்கு மேல் விலகினால் அந்த ஓர் அங்குலத்தை மட்டும் பிரித்துத் தைக்கவும்.

ஓரப்பட்டை அலை அலையாக நிற்கிறது

நீளமாக ஒரு பட்டையை எடுத்து, ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மீதியை வெட்டிவிடுகிறோம். போகும் வழியில் பட்டை நீண்டுவிடுகிறது. அதற்குப் பதில் முகப்பின் நடுவே குறுக்காக அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை வெட்டுங்கள். பட்டையின் நடுவையும் முகப்பின் நடுவையும் முதலில் குத்துங்கள், பிறகு இரு முனை, பிறகு இடைவெளிகள்.

பட்டையைப் பாவு ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக வெட்டினால் இழுபடுவது குறையும். ஊடைத் திசையில், அதாவது கரைக்குக் குறுக்கே வெட்டினால் சற்று நீளும், சாய்வாக வெட்டினால் ரப்பர்தான். முக்கோணங்கள் தைக்கும்போது ஒரு பக்கமாவது சாய்வாகத்தான் வரும். வெட்டும் முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுவிட்டால் அது அடங்கியிருக்கும். வேலை முடிந்ததும் கஞ்சியைத் துவைத்து எடுத்துவிட வேண்டும். கஞ்சியோடு மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

பழைய சேலைத் துண்டு தையலோரம் பிரிகிறது

சேலையில் கில்ட் தைக்க ஆசைப்படாதவர் யார். ஆனால் ஒரு சேலையின் எல்லாப் பாகமும் ஒரே வயதில்லை. கொசுவத்தின் அடியோரம் தரையில் உரசி நைந்திருக்கும். உட்காரும் இடத்தில் இழை விலகியிருக்கும். உள்ளே செருகும் முனைப் பக்கம் வெயிலே படாததால் நிறமும் பலமும் மிச்சமிருக்கும். ஃபால்ஸ் வைத்துத் தைத்த இடத்தைப் பிரித்தால் பழைய நிறத்தில் ஒரு கோடு நிற்கும், அதைக் கட்டத்தின் நடுவில் வராதபடி வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். சல்லடையாகத் தெரிகிற இடத்தை ஒதுக்குங்கள். இரண்டு கட்டைவிரலும் சேரும்படி பிடித்து இழுத்து இழை விலகினால் அதையும்.

கொஞ்சம்தான் நைந்திருக்கிறது, ஆனால் அம்மா கட்டியது, விட மனமில்லை என்றால் அடியில் மெல்லிய மல் துணி வைத்து, இரண்டையும் ஒரே துணியாகக் கருதி வெட்டவும். பழைய பட்டுச் சேலை வேறு விஷயம். வருடக்கணக்காக மடிப்பு விழுந்த இடத்திலேயே பட்டு கீறிக்கொள்ளும். சுவரில் மாட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். போர்த்தித் துவைக்கிற போர்வைக்கு வேண்டாம்.

மேலே அழகு, அடியில் சுருக்கம்

மூன்றடுக்கை ஒன்றாக ஓட்டி முடித்துத் திருப்பிப் பார்த்தால் அடித்துணி மடிந்து மடிந்து தைபட்டிருக்கும். இரண்டு காரணம். அடுக்கும்போது அடித்துணி தளர்ந்து கிடந்தது, அல்லது பாதம் மேலடுக்கைத் தள்ளிக்கொண்டே போனது.

அடுக்குவதற்குத் தரைதான் நல்ல இடம். தரையைத் துடைத்து, அடித்துணியைக் கெட்டபக்கம் மேலாக விரித்து, நாலு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். இழுத்து விறைப்பாக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் கிடந்தால் போதும். அடித்துணியும் பஞ்சும் முகப்பைவிட நாலு பக்கமும் மூன்று அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மேலே பஞ்சு, அதன்மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே வந்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்குக் குத்துங்கள். கையை எங்கே வைத்தாலும் அடியில் ஓர் ஊக்கு இருக்க வேண்டும், அதுதான் அளவு. ஊக்குகளில் கஞ்சத்தனம் பார்த்தால் பிரிக்கும் வேலையில் வட்டியோடு கட்டுவோம்.

தைக்கும்போது முதலில் நடுவில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு. தையலைப் பெரிதாக்குங்கள், அங்குலத்துக்கு எட்டு போதும். பாதத்தண்டின் உச்சியில் ஒரு திருகு இருக்கிறது, பாதத்தின் அழுத்தம் அதில்தான். இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள். திரும்ப உடை தைக்கும்போது இறுக்க வேண்டும்.

வாக்கிங் ஃபுட் என்று ஒன்று விற்கிறார்கள். மேலடுக்கையும் பல் வைத்து நகர்த்தும், கில்ட்டுக்கு உண்மையிலேயே உதவும். கறுப்புத் தலைகளுக்குக் குட்டைத் தண்டு வகைதான் பொருந்தும். வாங்கும் முன் அதன் அடியில் இருக்கும் பல் வரிசைகளின் அகலம் உங்கள் மெஷினின் பல்லோடு ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பாருங்கள். பழைய தலைகளின் பல் குறுகலானது. பாதத்தின் பல் அதற்கு வெளியே விழுந்தால் காசு வீண்.

ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் இடம். போர்வையை இரு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி நுழைக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு மேசையோ ஸ்டூலோ போட்டுக் கனத்தைத் தாங்குங்கள். கழுத்து வலி வருவதும் இந்தக் கனத்தைக் கையால் தாங்குவதால்தான். இரட்டைக் கட்டில் அளவுப் போர்வையை இந்த மெஷினில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குழந்தைப் போர்வை, ஒற்றைக் கட்டில் வரை சரி.

அதற்கு மேல் பெரிது வேண்டுமென்றால் முகப்பை மெஷினில் இணைத்து, ஓட்டுவதைக் கையால் செய்யலாம். வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளை அடுக்கிக் கையால் நூலோட்டியதுதான். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற கில்ட் இன்னும் சுவாரசியம். நாம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறோம், அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள், துண்டுகளை அப்போதைக்கப்போது அடித்துணி மேலேயே வைத்துத் தைத்துக்கொண்டே. சுருக்கத்தைக் கையால் நீவி உள்ளே தள்ளிக்கொண்டே வருவதால் அதுவும் தட்டையாகத்தான் விழுகிறது. மெஷினில் அப்படிச் செய்தால் நடுவில் பூசணிக்காய் எழும்பும்.

பஞ்சு ஒரு மூலைக்குப் போய்விட்டது

தலையணைக்கு வாங்கிய இலவம்பஞ்சை வைத்தீர்களா? அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடித்த பருத்திப் பஞ்சு என்றால் தையல் கோடுகள் மூன்று விரற்கடை இடைவெளிக்குள் வர வேண்டும். கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தாள் நகராது, கோடுகள் ஒரு உள்ளங்கை தள்ளி இருந்தாலும் தாங்கும், ஆனால் சூடான இஸ்திரி பட்டால் உருகித் தட்டையாகிவிடும். சென்னை, மதுரை வெயிலுக்கு இரண்டுமே அதிகம். நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திப் போர்வை ஒன்றை நடுவில் வையுங்கள். மெஷினுக்கும் சுகம், போர்த்துகிறவருக்கும் சுகம்.

துவைத்ததும் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டம் சிவந்துவிட்டது

காய விடாதீர்கள். இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈரத்தோடு ஈரமாக, பெரிய டப்பில் நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து முழுக்க மூழ்கும்படி போடுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றிக்கொண்டே இருங்கள். நிறையத் தண்ணீரில் இருக்கும்வரை இறங்கிய சாயம் பக்கத்துத் துணியில் போய் உட்கார்வது குறையும். தண்ணீர் தெளிந்த பிறகு மடிக்காமல் விரித்து நிழலில் காய வையுங்கள்.

முன்கூட்டியே தடுப்பது இதைவிடச் சுலபம். சுங்குடி, அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு எல்லாவற்றையும் வெட்டும் முன் தனித்தனியாகத் துவைக்கவும். பிறகு ஓர் ஓரத்தை ஈரமாக்கி, வெள்ளைக் கைக்குட்டையின் மேல் வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கும்வரை துவைப்பு நிற்கக் கூடாது. கல் உப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயம் போடும்போது உப்புக்கு வேலை உண்டு. போட்டு முடித்த கடைத்துணியில் உப்பால் நிறுத்த முடியாது. அதில் இறங்கும் அளவுக்கு இறங்குவது தண்ணீரால்தான்.

முன்பே துவைப்பதில் இன்னொரு லாபம், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். நூறு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் சுருங்குகிற பருத்தி சாதாரணம். கைத்தறி அதற்கு மேலும் போகும். துவைத்த துணியும் துவைக்காத துணியும் கலந்து தைத்தால் முதல் துவைப்பில் ஒன்று மற்றதை இழுத்து முறுக்கிவிடும்.

பெட்டியில் பாதியில் விட்ட முகப்பு கிடைத்திருக்கிறது

முதலில் குண்டூசிகளை எடுங்கள். துருக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, நன்றாக அலசிவிட வேண்டும். அலசாமல் விட்ட புளிப்பு பருத்தியை இற்றுப்போகச் செய்யும். மடிப்பில் மஞ்சள் இருந்தால் வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், கசக்கவோ பிழியவோ வேண்டாம். பிசிறு வெட்டாத தையலோரங்கள் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

பழைய இணைப்புகளை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். படபடவென்று நூல் வெடித்தால் அந்தத் தையலின் மேலேயே புது நூலால் ஒருமுறை ஓட்டுங்கள்.

பிறகு முடித்து வைத்த கட்டங்களை அளங்கள். அன்றைக்கு நீங்கள் விட்ட கால் அங்குலமும் இன்றைக்கு டேப் ஒட்டி அளந்து விடுகிற கால் அங்குலமும் ஒன்றாக இருக்காது. பழைய கட்டம் ஒன்பதேகால் வந்திருந்தால், அதன் உள்பக்கத் தையல் அகலத்தை அளந்து, மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு நகர்த்தி ஒட்டிவிட்டு, மீதிக் கட்டங்களையும் ஒன்பதேகாலாகவே தையுங்கள். ஒன்பதரை வேண்டும் என்று பழையதைப் பிரிக்க ஆரம்பித்தால் அது மறுபடி பெட்டிக்குத்தான் போகும்.